கீழே ஒரு புள்ளி: அரபுத்தமிழும் கணினியின் எழுத்துக் கணக்கும்

2015 ஜூன் 17ஆம் திகதி ஒருங்குறித் தரத்தின் 8ஆம் பதிப்பு வெளியானது. புதிதாக 7,716 எழுத்துகள் சேர்ந்தன. ஈமோஜி முகங்களுக்குப் பல தோல் நிறங்கள் வந்ததைத்தான் ஊடகங்கள் பேசின. அந்த ஆயிரக்கணக்கானவற்றுள் மூன்று, தமிழ் எழுதுவதற்காகவே சேர்க்கப்பட்ட அரபு எழுத்துகள். ஐனின் கீழே மூன்று புள்ளி வைத்த வடிவம். பத்தடிமானக் கணக்கில் அதன் எண் 2227. காஃபின் கீழே ஒரு புள்ளி, எண் 2228. தலைகீழாகத் திருப்பி எழுத்துக்குக் கீழே இடும் ழம்மு என்ற உயிர்க்குறி, எண் 2275. முதலாவது நம் ஙகரம். இரண்டாவது, ‘தங்கம்’ என்னும்போது நாவில் வருகிற மெலிந்த ககரம். மூன்றாவது எகர உயிரின் குறி. அரபுமொழியில் எகரம் கிடையாது; தமிழை அரபு எழுத்தில் எழுதியவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட குறி இது.

இலங்கையில் அரபுத்தமிழ் என்றும் ஆராய்ச்சியாளர்களிடையே அர்வி என்றும் பெயர் பெற்ற இந்த எழுத்துமுறை, மட்டக்களப்பு வாவியின் கரையோரங்களில் தலைமுறைகளாகப் புழங்கியது. ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் காத்தான்குடியைத் தொட்டுக் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி அது. கரையோர முஸ்லிம் ஊர்களில் வீட்டுமொழி தமிழ், ஓதும் மொழி அரபு. பிள்ளை முதலில் போய்ச் சேர்வது ஓதப்பள்ளிக்கு. அலிஃபும் பாவும் கண்ணுக்குப் பழகிய பிறகுதான் பள்ளிக்கூடத்தில் அகரம். பெண்பிள்ளைகள் பலருக்கு அந்தப் பள்ளிக்கூடமே வாய்க்காத காலம் ஒன்று இருந்தது. தமிழ் எழுத்துத் தெரியாமலே தமிழ் நூல் வாசித்த பெண்கள் இந்த ஊர்களில் இருந்தார்கள் என்றால் வெளியூர்க்காரருக்குப் புதிராக இருக்கும். மார்க்கச் சட்டமும் மாலையும் முனாஜாத்தும் அவர்களுக்கு அரபு எழுத்தில் தமிழாகக் கிடைத்தன.

அவற்றில் பல கடல் கடந்து வந்தவை. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898), மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றும் இமாமுல் அரூஸ் என்றும் அறியப்பட்டவர். அவர் அரபுத்தமிழில் எழுதிய ‘மஙானீ’, ‘பத்ஹுத் தய்யான்’ போன்ற மார்க்க நூல்கள் இலங்கையிலும் பரவின. பின்னதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1963இல் கொழும்பிலேயே வெளிவந்தது. இவ்வகை நூல்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தவை. இந்தச் சிறு விவரம் நம் விடயத்துக்கு முக்கியம். கல்லச்சில் எழுத்தர் கையால் எழுதியதே அப்படியே பதியும். எங்கே எத்தனை புள்ளி வைக்க வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஈயத்தில் வார்த்த அச்செழுத்து அப்படியில்லை. வார்க்காத எழுத்தை அச்சுக் கோக்க முடியாது. கணினியும் அச்செழுத்தின் வழிதான்: பட்டியலில் எண் இல்லாத எழுத்தை அதற்குத் தெரியாது.

கணினி எழுத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை ‘ஸலாம்’ என்ற சொல்லை வைத்துப் பார்க்கலாம். கோப்பினுள் அது நான்கு எண்கள்: ஸீன் 1587, லாம் 1604, அலிஃப் 1575, மீம் 1605. ஒலிக்கும் வரிசையிலேயே அவை அடுக்கப்படுகின்றன. வலமிருந்து இடம் என்பது சேமிப்பில் கிடையாது. அது திரைக்கு வரும்போது நடக்கும் வேலை. ஸீன் சொல்லின் தலையில் நிற்பதால் தலைவடிவம் எடுக்கும். லாமும் அலிஃபும் கூடி ஒரே கூட்டெழுத்தாகும். அலிஃப் தனக்குப் பின்வருவதோடு கைகோக்காத எழுத்து, ஆகவே மீம் தனியே நிற்கும். இத்தனையையும் எழுத்துருவும், அதை இயக்கும் வடிவமைப்பு நிரலும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அன்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூல நிரல். தமிழில் கொம்பையும் காலையும் ஒழுங்காக இடம்பிடித்து வைப்பதும் அதே நிரல்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு வருவதற்குள் பல கட்டங்கள் கடந்தன. 1987இல் வந்த ஐஎஸ்ஓ 8859-6 என்ற தரம் அரபு நாடுகளின் அலுவலகங்களை மனத்தில் வைத்தது. பாரசீகத்தின் பகரத்துக்கும் சகரத்துக்கும்கூட அதில் இடமில்லை, அரபுத்தமிழைக் கேட்பானேன். மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் 1256 பாரசீகத்துக்கும் உருதுக்கும் கொஞ்சம் கதவு திறந்தது. 1991இல் ஒருங்குறியின் முதற் பதிப்பு வந்தபோது அரபுக்கு 1536இலிருந்து 1791 வரை 256 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதன்பின் 2005, 2012, 2021, 2022 என்று மேலும் தொகுதிகள் திறக்கப்பட்டன. சிந்தி, ஹவுசா, ரோஹிங்யா, பஞ்சாபி என எத்தனையோ மொழிக்காரர்கள் அரபு எழுத்தைத் தமதாக்கிப் புள்ளிகளைக் கூட்டியிருந்ததால் அந்த விரிவு.

பழைய கணினிகளின் வசதிக்காக ஒருங்குறி இன்னொன்றையும் ஏற்றது: ஒவ்வொரு எழுத்தின் தலை, இடை, கடை, தனி வடிவங்களுக்குத் தனித்தனி எண். அவை 64336க்கு மேலே ஒதுங்கிக் கிடக்கின்றன. புதிதாக எழுதுபவர் தொடக்கூடாத பகுதி அது. ஆனால் பழைய பிடிஎஃப் கோப்பிலிருந்து அரபு வரியைப் படியெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் இந்த வடிவ எண்கள்தான் வந்து விழும். கண்ணுக்குச் சரியாக இருக்கும், தேடினால் அகப்படாது. நம்மவர்களுக்கு இந்த நோய் பழக்கமானது. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, உள்ளே ஆங்கில எம்மும் கேயும் எச்சும் அரைப்புள்ளியும். இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் அந்தப் பொய்க்கோலத்திலேயே ஓடின. தமிழுக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 1326 வந்தது 2008இல்தான்.

இனிப் புள்ளிக்கு வருகிறேன். ஒருங்குறியில் அரபைப் பற்றிய மிக முக்கியமான தீர்மானம் புள்ளியைப் பற்றியது என்பது என் எண்ணம்.

தமிழில் ‘க்’ என்பது கணினிக்கு இரண்டு எண்: ககரம் 2965, மேலே புள்ளி 3021. புள்ளி தனியான ஒன்று. எந்த மெய்யின் தலையிலும் கொண்டுபோய் வைக்கலாம். அரபில் இதற்கு நேர்மாறு. பாவின் கீழ்ப்புள்ளியும் தாவின் மேற்புள்ளிகளும் எழுத்தின் உடம்பு. அடிவடிவம் ஒன்றே என்றாலும் பா 1576, தா 1578, ஸா 1579 எனத் தனித்தனி எண்கள். பத்ஹு, கஸ்ரு, ழம்மு ஆகிய உயிர்க்குறிகளுக்கு மட்டும் தமிழ்ப் புள்ளியைப்போலத் தனி எண் உண்டு. அவற்றை எந்த எழுத்தோடும் சேர்க்கலாம். ஆரம்பகால அரபு ஏடுகள் பல புள்ளியே இல்லாமல் எழுதப்பட்டவை. புள்ளி பின்னால் வந்து சேர்ந்த அடையாளம். அந்த வரலாற்றைப் பார்த்தால் அடிவடிவத்துக்கு ஒரு எண், புள்ளிக்கு ஒரு எண் என்று வகுத்திருக்கலாம்தான். ஆனால் ஓதப்பள்ளிப் பிள்ளை பாவைப் ‘புள்ளியும் அடிவடிவமும்’ என்று படிப்பதில்லை, பா என்றே படிக்கிறது. ஒருங்குறியும் பிள்ளையின் பக்கம் நின்றுவிட்டது.

நியாயமான தீர்மானம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் அரபுத்தமிழ்க்காரர்கள்போன்ற சிறுபான்மை எழுத்துக்காரர்கள். கல்லச்சு எழுத்தர் ஒரு நொடியில் வைத்த புள்ளியைக் கணினியில் வைக்க யாரோ விண்ணப்பம் எழுதி, பழைய நூல்களைச் சான்று காட்டி, குழு கூடி ஏற்று, புதிய பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். உயிர்க்குறி வரிசையில் தனிக் கீழ்ப்புள்ளி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைக் காஃபின் அடியில் ஒட்டிச் சமாளித்தால் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 2228 வேறு, ஒட்டுப்போட்டது வேறு. இரண்டும் சமம் என்று எந்தத் தேடுபொறியும் எடுத்துக்கொள்ளாது.

நல்லவேளையாக எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டி வரவில்லை. டகரத்துக்குத் தாலின் கீழே புள்ளி (1674), றகரத்துக்கு றாவின் கீழே புள்ளி (1684), ணகரத்துக்கு நூனின் கீழே புள்ளி (1721), பகரத்துக்கு ஃபாவின் கீழே புள்ளி (1699) ஆகியவை பிற மொழிகளின் தயவில் முன்பே பட்டியலில் இருந்தன. சகரத்துக்குப் பாரசீகத்தின் எழுத்து (1670). ஒகரத்துக்கு மேலே இடும் தலைகீழ் ழம்மு (1623) உருதுக்காரர் கையிலும் உண்டு. விடுபட்டு நின்றவை மேலே சொன்ன மூன்று.

இந்தப் பட்டியலை மலாய்க்காரரின் ஜாவி எழுத்தோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஜாவியில் ஙகரம் ஐனின் மேலே மூன்று புள்ளி, அரபுத்தமிழில் அதே மூன்று கீழே. ஜாவிப் பகரம் ஃபாவின் மேலே மூன்று புள்ளி (1700), நமது பகரம் கீழே ஒன்று (1699). ஒருங்குறியில் இரண்டும் அடுத்தடுத்த வீடு. மெலிந்த ககரத்துக்கு அவர்கள் மேலே ஒரு புள்ளி வைக்க, நாம் கீழே வைத்தோம். இரண்டும் இந்தத் தீவிலேயே சந்தித்துக்கொண்டவை. 1869இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் தொடங்கிய ‘அலாமத் லங்காபுரி’ ஜாவி எழுத்தில் வந்த மலாய்ப் பத்திரிகை. ஜாவியின் ககரத்துக்கும் இடர் நேர்ந்தது: முதலில் கிடைத்த எண் (1708) பொருந்தாத வடிவமாகப் போய், 2005இல் இன்னொரு எண் (1890) வந்தது. பழைய கோப்புகளில் முன்னது இன்னும் கிடக்கிறது. எண் கொடுத்துவிட்டால் திரும்பப் பெறுவதில்லை என்பது ஒருங்குறியின் நிலையான சட்டம்.

அரபுத்தமிழ் எழுத்தர்கள் எல்லோரும் ஒரே முறையைக் கைக்கொள்ளவில்லை. ளகரத்துக்கும் ழகரத்துக்கும் ழாது போன்ற வடிவங்களை எடுத்துப் புள்ளியிட்டார்கள். கீழ்ப்புள்ளியிட்ட ழாதுக்கு 1787 என்ற எண் உண்டு. ழாதுக்கும் ழகரத்துக்கும் இந்தக் கரையில் உள்ள உறவு இன்றுவரை அறுபடவில்லை. தமிழ்நாட்டில் ‘ரமலான்’ என்று அச்சிடுவதை இலங்கையில் ‘ரமழான்’ என்கிறோம், நபித்தோழர் பெயருக்குப் பின்னே ‘ரழி’ என்று போடுகிறோம். அரபு ஒலிக்கு நெருங்கிய தமிழ் ஒலி எது என்று பழைய ஆலிம்கள் எடுத்த முடிவு, எழுத்து மாறிய பிறகும் எழுத்துக்கூட்டலில் தங்கிவிட்டது.

இதில் மொழியியல்காரருக்கு ஒரு புதையல் இருக்கிறது. ‘பாம்பு’ என்ற சொல்லைத் தமிழில் எழுதினால் இரண்டு பகரமும் ஒரே எழுத்து. நாவில் முதலாவது வல்லொலி, இரண்டாவது மெல்லோசை. தமிழ் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது, காட்டத் தேவையுமில்லை. அரபு எழுத்தில் எழுதுகிறவர் தேர்ந்தே ஆகவேண்டும்: முதலாவதற்குக் கீழ்ப்புள்ளி ஃபா, இரண்டாவதற்குப் பா. ககரத்திலும் அப்படியே, 1603ஆ 2228ஆ என்று. அப்படியானால் நூறு வருடத்துக்கு முந்திய ஓர் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படி, அதை எழுதியவரின் வாயொலி பற்றிய சாட்சியும்கூட. மட்டக்களப்புத் தமிழின் பழைய ஒலிநிலை பற்றி வேறெங்கே இத்தனை நேரடியான எழுத்துச் சான்று கிடைக்கும்? எழுத்தர்கள் புள்ளி வைப்பதில் சிக்கனம் பிடித்தவர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். புள்ளி இல்லாத காஃப் எல்லாம் வல்லொலி என்று அடித்துச் சொல்ல முடியாது.

நூலை விட்டு இன்றைய கடைத்தெருவுக்கு வந்தால் அரபு எழுத்தின் பாடு வேறு. கலியாணக் காட், பதாகை, பள்ளிவாசல் அறிவித்தல் செய்யும் அச்சகங்களில் நெடுங்காலம் ஓடியது பேஜ்மேக்கரும் பாமினியும். வலமிருந்து எழுதத் தெரியாத மென்பொருளில் அரபை ஒட்டினால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாய், வரிசையும் தலைகீழாய் நிற்கும். ‘ஸலாம்’ அங்கே, வலமிருந்து வாசிப்பவருக்கு, மீம், அலிஃப், லாம், ஸீன் என்று ஆகிவிடும். ஃபொட்டோஷொப்பிலும் மத்திய கிழக்கு மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் நெடுநாள் இதே விபத்துத்தான். உலகெங்கும் விமான நிலையங்களிலும் விளம்பரங்களிலும் இந்தப் பிழையைக் காணலாம். அச்சகக்காரர் கண்டுபிடித்த வழி எளியது: அரபு வரியைப் படமாக வெட்டி ஒட்டுவது. பார்வைக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தால் இந்த ஊர்களில் அச்சான அரபில் கணிசமானவை கணினிக்கு எழுத்தே அல்ல, கோட்டுச்சித்திரம்.

கைபேசி வந்த பிறகு நிலைமை தேறியது. ஜனாஸா அறிவித்தல் வட்ஸ்அப்பில் வரும்போது மேலே அரபு வரி, கீழே தமிழில் பெயரும் முகவரியும் நல்லடக்க நேரமும். இரண்டும் உண்மையான எழுத்து. பிஸ்மில்லாஹ் முழுவதையும் ஒரே எழுத்தாக அடைத்த 65021ஐயும் பலர் ஒட்டுகிறார்கள். ஒருங்குறியின் மிக அகலமான எழுத்துகளில் ஒன்று அது. சில எழுத்துருக்களில் திரையின் பாதியை அடைத்துக்கொள்ளும். நபிகளாரின் பெயரோடு சொல்லும் ஸலவாத்துக்கு 65018. இணக்க முறையில் பிரித்தால் இந்த ஒற்றை எழுத்து 18 எழுத்துகளாக விரியும். ‘ரழியல்லாஹு அன்ஹு’ முதலிய வாழ்த்துரைகளுக்கு 2021இல் வந்த 14ஆம் பதிப்பு தனித்தனி எண் கொடுத்தது. இவற்றை எழுத்து என்று கொள்வதா முத்திரை என்று கொள்வதா என்பதில் எனக்குச் சந்தேகமுண்டு. நம் தமிழ் அச்சு வழக்கில் அடைப்புக்குறிக்குள் போடும் ‘ஸல்’, ‘ரழி’ இவற்றைவிடத் தெளிவு, தேடினாலும் கிடைக்கும்.

தமிழும் அரபும் ஒரே வரியில் கலக்கும்போது திசைச் சண்டை வருகிறது. இதற்கென்று ஒருங்குறியில் நீண்ட விதிமுறை ஒன்று உண்டு. ஆயத்துல் குர்ஸி 2ஆவது ஸூராவின் 255ஆவது வசனம். அரபில் ஸூராவின் பெயரைத் தட்டி, பக்கத்தில் 2:255 என்று முக்காற்புள்ளி வைத்தால் எண் அப்படியே நிற்கும். முக்காற்புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட்டால் திரையில் 255-2 என்று புரண்டுவிடும். அரபு எழுத்தை அடுத்து வரும் இலக்கங்களை விதிமுறை அரபு இலக்கங்களாகவே நடத்துகிறது. அவற்றின் நடுவே முக்காற்புள்ளி எண்ணோடு ஒட்டிக்கொள்ளும், சிறுகோடு ஒட்டாது. கோப்பில் எதுவும் கெடவில்லை, காட்சி மட்டும் மாறியது. பெயருக்கும் எண்ணுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத திசைக்குறி 8206ஐ வைத்தால் சரியாகும். வசன எண் தவறாக வந்துவிட்டது என்று தட்டச்சுக்காரரைக் கடிந்துகொள்ளும் மௌலவிமார் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்னொரு தொல்லை ஓசையில்லாதது. கைபேசியில் அரபு விசைப்பலகை வைத்திருப்பவர் காஃப் தட்டினால் 1603. உருது விசைப்பலகை வைத்திருப்பவர் தட்டினால் 1705. சொல்லின் நடுவில் இரண்டும் ஒரே உருவம். யா என்ற எழுத்தும் அப்படித்தான்: 1610, 1740, புள்ளியில்லாத 1609 என்று மூன்று. ஒருவர் எழுதியதை மற்றவர் தேடினால் இல்லை என்றே விடை வரும். தமிழில் ‘கொ’ என்பதன் ஒகரக்குறியை ஒற்றை எண்ணாகவும் (3018) கொம்பும் காலுமாகவும் (3014, 3006) தட்ட முடிகிறதே, அதைப்போல. ஆனால் தமிழில் இரண்டும் சமம் என்று தரத்திலேயே எழுதியிருக்கிறது. இரண்டு காஃபும் சமம் என்று எங்கும் இல்லை. அரபுத்தமிழுக்கென்று பரவலான விசைப்பலகை இல்லாதபோது ஆளுக்கொரு மொழியின் பலகையை எடுத்துக்கொள்வதால் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது.

குர்ஆன் பாடத்தை இணையத்தில் ஏற்றியவர்களும் எழுத்தா படமா என்ற இதே கவலைக்குள் நெடுநாள் கிடந்தார்கள். மதீனாவிலுள்ள மன்னர் ஃபஹத் வளாகம் தன் முஸ்ஹஃபின் 604 பக்கங்களுக்கும் பக்கத்துக்கு ஓர் எழுத்துருவே செய்தது. ஒவ்வொரு சொல்லும் ஒரு வடிவம். காட்சி அச்சுப் பிசகாது, ஆனால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் பொருளற்ற குறிகள். மறுபுறம் 2007இல் தொடங்கிய தன்ஸீல் திட்டம் முழுப் பாடத்தையும் ஒருங்குறி எழுத்தாகச் சரிபார்த்துத் தந்தது. இன்றைய செயலிகள் பலவற்றுக்கு அதுவே அடித்தளம். ஓதப்பள்ளிகளில் பழகிய இந்திய–பாகிஸ்தான் எழுத்தமைதியில் சுக்கூனும் மத்தும் மதீனாப் பிரதியில் உள்ளதுபோல இராது. பேரப்பிள்ளையின் கைபேசியில் வல்லியம்மாவுக்கு ஓத வராமல் போவதற்குக் கண்பார்வை மட்டும் காரணமில்லை.

அரபுத்தமிழ் நூல்களுக்கு இவ்வளவு கவனிப்பு வாய்க்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடக் கல்வி பரவியதும் மார்க்க நூல்கள் தமிழ் எழுத்திலேயே வரத் தொடங்கின. மாலையும் மௌலூதும் வேண்டாம் என்ற சீர்திருத்தக் குரல்களும் ஓங்கின. ம. மு. உவைஸ் போன்றவர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பட்டியலிட்டு வரலாறு எழுதியிராவிட்டால் பல நூல்களின் பெயர்கூட மிஞ்சியிராது. இந்தக் கரையில் காகிதத்துக்கு எதிரிகள் அதிகம்: 1978 நவம்பர்ச் சூறாவளி, 1990இன் கொலைகளும் இடம்பெயர்வும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோள், வருடந்தோறும் வரும் மாரி வெள்ளம். பக்தியும் ஓர் எதிரி. அரபு எழுத்துள்ள கிழிந்த தாள் காலில் மிதிபடக் கூடாது என்று மண்ணில் புதைப்பதும் நீரில் விடுவதும் மரபு. குர்ஆன் தாளுக்குக் காட்டும் அந்த மரியாதை அரபுத்தமிழ்க் கிதாபுக்கும் கிடைக்க, கிதாபு போய்விடும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை முன்னின்று நடத்தியவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்பதால் ஊர் முழுவதும் பதில் சொல்லும் நிலைக்கு ஆளானது. பொது இடங்களிலிருந்த அரபுப் பெயர்ப்பலகைகள் அகற்றப்பட்டன. பலகையைப் பற்றி எனக்குப் பெரிய துக்கமில்லை. அரபுமொழி தெரியாத ஊரில் அரபில் தெருப்பெயர் எழுதியது பழைய மரபும் அல்ல. அலுமாரிக்குள் இருந்த தாள்களை நினைத்துத்தான் கவலை. தேடுதலுக்கு வருபவருக்குப் பெண்கள் ஓதிய தமிழ் மாலைக்கும் வேறெந்த அரபுத் தாளுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. வீட்டிலிருப்பவருக்கே வாசிக்கத் தெரியாதபோது இது தமிழ்தான் என்று எப்படிச் சொல்வது?

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்துவதில் முஸ்லிம் ஆவணங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைக்கும் அரபுமொழிக்கும் ஒரு பீடமே உண்டு. படம் பிடிப்பது முதல் வேலை, அதற்கு ஒருங்குறி தேவையில்லை. அடுத்த வேலைக்குத் தேவை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் கிராக்கன் போன்ற திறந்தமூல நிரல்களுக்கு ஒரு கையெழுத்தைக் கற்றுக்கொடுக்க, அந்தக் கையில் எழுதிய பக்கங்கள் சிலவற்றை ஒரு மனிதர் சரியாகத் தட்டிக் கொடுக்கவேண்டும். தட்டுவதற்கு எண் வேண்டும். எண் 2015இலிருந்து இருக்கிறது. எழுத்துருவும் இருக்கிறது: எஸ்ஐஎல் நிறுவனம் இலவசமாகத் தரும் ஷெஹராஸாத் நியூ இந்த எழுத்துகளைக் காட்டும். பழைய அரபு எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் இரண்டு பைட் இடமெடுக்க, இந்தப் புதிய மூன்றும் தமிழ் எழுத்தைப்போல மூன்று பைட் எடுக்கும். அதைத் தவிர அவற்றைப் பயன்படுத்துவதில் தொழில்நுட்பச் செலவு எதுவும் மிச்சமில்லை.

எதற்கு இந்தச் சுற்றுவழி, நேரே தமிழ் எழுத்தில் பெயர்த்துவிட்டால் எல்லோரும் வாசிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாசகருக்கு அதுதான் வசதி. பதிப்புகள் அப்படி வரவேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் தமிழ் எழுத்துக்கு மாறும் கணத்தில் ஸீனும் ஸாதும் ஸாவும் ஒரே ஸகரமாகிவிடும், அரபுச் சொல்லின் வேர் மறையும். ‘பாம்பு’க்குள் இருந்த இரண்டு ஒலியும் ஒன்றாகும். எழுத்தர் எந்த ஊர்ப் பழக்கக்காரர் என்பதைச் சொல்லும் புள்ளிகளும் போகும். தமிழ்ப் பாடத்திலிருந்து பழைய அரபுத்தமிழ்ப் பாடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. அரபுத்தமிழிலிருந்து தமிழுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆகவே முதலில் உள்ளபடி தட்டியது ஒரு படி, அதிலிருந்து பெயர்த்த தமிழ் இன்னொரு படி என்று இரண்டும் வேண்டும்.

உள்ளபடி என்றால் எதுவரை என்ற கேள்வி தட்ட உட்காரும் முதல் பக்கத்திலேயே வரும். ‘தங்கம்’ என்ற இடத்தில் எழுத்தர் புள்ளி வைக்க மறந்து வெறும் காஃப் எழுதியிருப்பார். பூச்சி அரித்த இடத்தில் புள்ளியா ஓட்டையா என்று தெரியாது. திருத்தித் தட்டினால் ஒலிச்சான்று கெடும், திருத்தாவிட்டால் தேடுபவருக்குச் சொல் அகப்படாது. என் தீர்ப்பு, முதற் படியில் கை வைக்கக் கூடாது என்பது: தாளில் புள்ளி இல்லையென்றால் 1603தான் தட்டவேண்டும். 2228ஐத் தேடலுக்கென்று தயாரிக்கும் துணைப் படியில் போட்டுக்கொள்ளலாம், போட்டவர் யார் என்ற குறிப்போடு.